அந்த அக்காவின் ‘ஓம்’

“நேர்ஸ் வேலைக்கு என்னத்துக்கு மூண்டு வருசப் படிப்பு? பிள்ளையளுக்குச் சொட்டு மருந்து விட ஆருக்குத்தான் ஏலாது?” என்று மாமா ஒருமுறை சிரித்தார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் பாடப் புத்தகத்தை எடுத்தேன்.

அது 2006 குளிர்காலம். நோர்வேயின் ஒஸ்லோவில், புருசெத் பக்கம் ஒரு குழந்தைகள் சுகாதார நிலையத்தில் தாதிப் பயிற்சியில் இருந்தேன். அந்த நாட்டின் குறைந்த வெயில் கறுத்தத் தோலுக்குப் போதாது என்பதால், குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்கு அங்கே விற்றமின் டி சொட்டுகளை இலவசமாகக் கொடுப்பார்கள்.

ஒருநாள் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் மகளோடு வந்தார். ஒரு வயது தாண்டியும் பிள்ளை எழுந்து நிற்கவில்லை. கால்கள் வளைந்திருந்தன. இரத்தத்தில் விற்றமின் டி மிகவும் குறைவு. சொட்டு கொடுக்கிறீர்களா என்று நோர்வேஜியத் தாதி கேட்க, அக்கா “யா, யா” என்று ஆமெனத் தலையாட்டினார். கொடுத்தும் ஏறவில்லையென்றால் இது வேறு ஏதோ நோய் என்று தாதி பயந்துபோனார்.

எனக்கு அந்த “யா” இடித்தது. அது எங்கள் வீடுகளில் மரியாதைக்குச் சொல்கிற “ஓம்”. தாதியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு தமிழில் கதைத்தேன்.

“அக்கா, உண்மையாக் குடுக்கிறனீங்களோ?”

அவர் கதவைப் பார்த்தார். “அது மீனெண்ணெய் எல்லே, தங்கச்சி. நாங்கள் சைவம். அந்த மனுசி ஆசையாத் தரேக்கை வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது? எல்லாம் அலுமாரிக்குள்ளை கிடக்கு.”

இங்கே பலர் பிள்ளைகளுக்கு மீனெண்ணெய் கொடுப்பார்கள். இதுவும் அதுதான் என்று அக்கா நினைத்துவிட்டார். குப்பியில் எழுதியிருந்ததைத் தாதியும் நானும் வாசித்தோம். மீன் இல்லை. தேங்காயெண்ணெய்.

“தேங்காயெண்ணெயோ! ஐயோ கடவுளே!” என்று சிரித்தவர், பிள்ளையின் காலைத் தடவியபடியே அழுதார். தாதி தன் கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

மருத்துவர் கூடுதல் அளவு கொடுத்தார். கோடையில் பிள்ளை சுவரைப் பிடித்து நடந்தாள். கால் நேராக இன்னும் காலம் எடுக்கும் என்றார்கள்.

பிள்ளைக்கு வேண்டிய சத்து அவள் வீட்டிலேயே மூடிக் கிடந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. தாதிப் படிப்பை முடித்து, இப்போது உணவுச் சத்தைப் பற்றிய போசாக்கியல் மேற்படிப்பில் சேர்ந்துவிட்டேன். வாரத்தில் ஒருநாள் அதே நிலையத்தில் தமிழ்த் தாய்மாரோடு இருந்து, “ஓம்” என்று மட்டும் பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்கப் பழகிவருகிறேன்.