சக்கரத்தடியில் எலுமிச்சை

மெர்டேக்கா என்று எல்லாரும் கொண்டாடிய சுதந்திரம் கிடைத்த வருடம், காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் என் பேட்டரி வண்டி தயாராக நின்றது. நடக்கச் சிரமப்பட்ட என் மனைவியை மேட்டிலிருந்த கோயிலுக்கு அழைத்துப்போக நானே செய்தது. மோட்டாருக்குப் பழைய லாரியின் டைனமோவைப் பொருத்தியிருந்தேன். பஸ் பட்டறையில் வேலை செய்த அவள் தம்பி, "ஒரு பேட்டரி இழுக்காது மாமா, ரெண்டு வைங்க" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பாரம் கூடும்டா. எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

புது வண்டி என்பதால் மனைவி சூடம் காட்டி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். மோட்டார் முனகியது. சக்கரம் பழத்தைத் தொட்டு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"பழத்த எடுத்துரட்டுமா மாமா?"

"தொடாத!"

வேறு வழியில்லாமல் இரண்டாவது பேட்டரியையும் சேர்த்து இணைத்தோம். இந்த முறை பழங்கள் பட்டென்று நசுங்கி, சாறு என் சட்டையில் தெறித்தது. போன உயிர் திரும்பி வந்தது. கோயில் மேட்டில், அவளை வைத்துக்கொண்டு பாதியில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உள்ளே வந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டே மனைவி சொன்னாள்:

"அது பழம் இல்லீங்க. கல்லு மாதிரி காயாப் பாத்துதான் பறிச்சு வச்சேன். ஏறி உக்காரப் போறது நான்தானே?"