செப்டம்பரில் மரத்துப்போன கை

தையல் ஆலையில் வேலை செய்யும் திராயாங்காவின் கைக்கு ஒன்றுமே இல்லை, ஐவார் கிண்டுவதற்குப் பயந்து நோய் சொல்கிறாள் என்று எங்கள் தெருவில் பேச்சு. ஷ்டிப் ஊரில் செப்டம்பர் பிறந்தால் முற்றத்துக்கு முற்றம் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, உரித்து, அகலச் சட்டியில் ஐவார் விழுதாக மணிக்கணக்காகக் கிண்டி, குளிர்காலத்துக்கு ஜாடிகளில் அடைப்பார்கள். அந்த மாதம் பார்த்து ஒருத்திக்குக் கை மரத்துப்போனால் யார் நம்புவது? ஆகஸ்டில் நன்றாக இருந்த கை அது.

பேச்சைக் கிளப்பியவள் பக்கத்து வீட்டு போலிக்சேனா. போன வருடம் திராயாங்காவின் சட்டியை இவள் கிண்டிக்கொடுத்தாள். இந்த வருடம் இவள் சட்டியைக் கிண்டுவது திராயாங்காவின் முறை.

"டாக்டர் மணிக்கட்டுக்குப் பட்டை குடுத்தாராம். பகல்ல என்னிக்காவது அவ கையில பாத்தீங்களா? கேட்டா, ராத்திரிதான் போடணுமாம். ராத்திரி யாரு பாக்கப்போறா?"

நியாயமான கேள்வி. விசாரிக்கப் போனேன். பட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"தூங்கும்போது மணிக்கட்டு மடங்கிருது அண்ணே," என்றாள் திராயாங்கா. "அது வழியா போற நரம்பு நசுங்கி விரலெல்லாம் மரத்துப்போகுது. மடங்காம நேரா வைக்கத்தான் பட்டை. பகல்ல கையை முறுக்குற வேலை ஆகாதாம். இதுல கேக்கலேன்னா ஊசி. அதுலயும் கேக்கலேன்னா கத்தி."

"கத்தி வச்சா சரியாயிருமே?"

"சரியாகும். அதுக்குள்ள என் மிஷின்ல வேற ஒருத்தி உக்காந்திருப்பா."

எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. மனப்பாடம் செய்ததுபோல அவ்வளவு தெளிவாக இருந்ததுதான் உறுத்தியது.

சனிக்கிழமை போலிக்சேனாவின் முற்றத்தில் சட்டி ஏறியது. அவளும் தன் பங்குக்கு ஒரு சோதனை வைத்திருந்தாள்.

"ஏண்டி, இதைப் பிடி," என்று ஒரு காலி கண்ணாடி ஜாடியைத் தூக்கிப் போட்டாள்.

திராயாங்காவின் வலது கை சரியான இடத்துக்குத்தான் போனது. விரல்கள்தான் மூடவில்லை. ஜாடி நழுவி சிமெண்டுத் தரையில் சிதறியது.

"வேணும்னே விட்டுட்டா."

"எனக்கென்ன கிறுக்கா, அக்கா? இந்த மாசத்துல காலி ஜாடியை எவளாவது வேணும்னே உடைப்பாளா?"

கடைகளில் ஜாடி தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. போலிக்சேனா மரத்துடுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் உக்காந்து மூடியைத் துடை. இடது கையால."

மாலையில் ஐவார் எல்லாம் ஜாடிகளில் ஏறிவிட்டது. சட்டியில் ஒரு ஜாடி அளவு மட்டும் மிச்சம், போட ஜாடி இல்லை.

"என் ஜாடிக்கு ஒரு ஜாடி வந்தாகணும்," என்றாள் போலிக்சேனா.

"எறிஞ்சது யாரு, அக்கா?"

மிச்சம் இருந்ததை ஆளுக்குக் கொஞ்சம் ரொட்டியில் தடவித் தின்றுவிட்டோம். ஜாடி யார் கணக்கு என்பது இன்னும் தீரவில்லை.