வயலில் இறங்காத ரோபோ

விரல்கள் விசைப்பலகையில் ஓடி நின்றன. திரையில் வில்லன் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

"இந்தப் படம் சுத்தக் குப்பைண்ணே," என்றாள் சுடர்விழி. தஞ்சாவூரில் டி.டி.பி. கடை வைத்திருப்பவள், ஜப்பான் மொழியைத் தானாகவே படித்தவள். திரைப்படச் சங்கம் திரையிடப்போகும் பழைய ராட்சத ரோபோ கார்ட்டூன் ஒன்றுக்குத் தமிழ் வசன வரிகள் போட்டுக்கொண்டிருந்தாள். சங்கச் செயலாளர் வீரமணி பக்கத்தில் இருந்தார்.

"ரோபோவுக்கு ஒரு காட்சியில நாலு விரலு, அடுத்ததுல அஞ்சு. வாய மூடுன பிறகும் ஹீரோ பேசுறான். வரைஞ்சவன் தூங்கிக்கிட்டே வரைஞ்சிருப்பான்," என்றாள் அவரிடம்.

அடுத்து வசனமே இல்லாத ஒரு காட்சி. எதிரி பின்னால் நின்று சுடுகிறான். எதிரே நடவு முடிந்த வயல். ரோபோ அதில் கால் வைக்காமல், குண்டுகளை முதுகில் வாங்கிக்கொண்டு, சாலை வழியாகவே மெல்லச் சுற்றிப் போகிறது.

"இத வெட்டிரும்மா. சனம் கொட்டாவி விடும்," என்றார் வீரமணி.

"நாத்த இப்படி நெருக்கி நட்டா கதிரே வராது. அதுகூடத் தெரியாத பயலுவ," என்றவள், சற்று நிறுத்தினாள். "போன வருசம் எங்கம்மா நட்ட வயல்ல குழாய் பதிக்க பொக்லைன் எறங்குச்சு. சுத்திப் போகச் சொன்னோம். டிரைவர் சிரிச்சான்ணே."

திரையை வீரமணி பக்கம் திருப்பினாள்.

"வெட்டணும்னா வேற ஆளப் பாருங்க."

"குப்பைன்னியே?"

"குப்பைதான். முழுசா காட்டுங்க."

கடைசி வரியைச் சேர்த்துச் சரிபார்த்தாள். பென் டிரைவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.