கடைசி ஆள் சாத்தவேண்டிய படல்

எங்கள் மலை பைக் பந்தயத்தில் கடைசியாகத்தான் வரவேண்டும் என்று விதியுள்ள ஒரே ஆள் நான். விழுந்தவரைத் தூக்கி, நின்ற வண்டியைக் கிளப்பி, எல்லோருக்கும் பின்னால் வருவது என் வேலை. கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் தீர்ந்துபோன சேதி கேட்டவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

பந்தயம் பிறந்த கதை

மலைமேல் ஒண்டிக்கடை என்ற ஊரில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்களுக்குள் ஒரு வாய்ச்சண்டை. தார் ரோட்டைத் தொடாமல் மலையைச் சுற்றிவர யார் வண்டியால் முடியும்? முதல் வருடம் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, முதல் ஓடையிலேயே ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அப்புறம்தான் நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பும் புத்தி வந்தது. இப்போது வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். அடிவாரத்தில் ஆரம்பித்து, மண்பாதையிலேயே இரண்டு நாள் ஓட்டம்.

மஞ்சக்குட்டை கிராமத்துக்கு அந்தப் பக்கம் சடையண்ணன் என்ற விவசாயியின் சாமைக் காட்டைத் தாண்டித்தான் போயாகவேண்டும். வேறு வழியே கிடையாது. அனுமதி கேட்டுப் போனபோது, காட்டு வாசலில் இருந்த மூங்கில் படலைத் தட்டிக் காட்டி அவர் சொன்னார்: "ஓரமா எத்தன வண்டி வேணும்னாலும் போகட்டுங்க. ஆனா கடைசி ஆளு படலச் சாத்திப்போட்டுப் போகோணும். ஒரு மாடு உள்ள பூந்தாலும் அடுத்த வருசம் வழி இல்லீங்க."

சீக்கிரம் வந்தாலும் குற்றம்

இந்தப் பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. வழியில் நேரம் குறிக்கும் பலகைகள் உண்டு. ஒவ்வொன்றையும் குறித்த நிமிடத்தில் தாண்டவேண்டும். பிந்தினாலும் அபராதம், முந்தினாலும் அபராதம். அதனால் முந்தி வந்தவர்கள் பலகைக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வருடம் முன்னணியில் இருந்த ஓசூர்க்காரர் அப்படி மஞ்சக்குட்டையில் நின்றார். வண்டி மக்கர் பண்ணிவிட்டது என்று நினைத்து, காட்டு வேலையைப் போட்டுவிட்டு ஜனங்கள் ஓடிவந்தார்கள். அவர் "வேண்டாங்க, வேண்டாங்க" என்று கத்தக் கத்த, பலகைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். முதல் பரிசு போயிற்று. ஆனாலும் அவர் வருடம் தவறாமல் வருகிறார், தள்ளிய அம்மா சொன்னதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்: "கூச்சப்படாதீங்க சாமி, நாங்கெல்லாம் எதுக்கு இருக்கறோம்?"

திறந்து கிடந்த படல்

இந்த வருடம் இரண்டாம் நாள், சடையண்ணன் காட்டை நான் நெருங்கும்போது போன் வந்தது. ஒரு வண்டி இன்னும் வந்து சேரவில்லையாம். எனக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. திரும்பினேன். அம்புக்குறியைத் தவறவிட்ட ஈரோட்டுப் பெண் ஒருவர், செயின் அறுந்து, காலும் பிசகி, காப்பித் தோட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார். செயினை மாட்டி அவரைக் கிளப்புவதற்குள் வெயில் இறங்கிவிட்டது.

என் நெஞ்செல்லாம் அந்தப் படல்தான். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் திரும்பும் நேரம். உள்ளே புகுந்தால் அந்த மனிதரின் சாமையும் போச்சு, எங்கள் பந்தயமும் போச்சு.

போய்ப் பார்த்தால் படல் அகலத் திறந்து கிடந்தது. வாசலின் நடுவே சடையண்ணன் கையில் குச்சியோடு, ஊர் மாடுகளையெல்லாம் ஒற்றை ஆளாக மறித்துக்கொண்டு நின்றார். ஒரு கதிர்கூடச் சாயவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். "ஏனுங்கண்ணா, நீங்களே சாத்தியிருக்கலாமே?" என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அதெப்படிங்க? கடைசி ஆளுதான் சாத்தோணும்னு நாந்தானே பேசுனேன்? பின்னாடி வாறவங்களுக்கு வழிய அடைக்கலாமுங்களா? நொம்ப நேரமா நிக்கறேன், சாத்துங்க. அடுத்த வருசம் மட்டும் கொஞ்சம் சீக்கிரமாக் கடைசியா வாங்க."

முதலில் வருகிறவருக்குக் கோப்பை கொடுக்கிறார்கள், சரிதான். ஆனால் மாட்டு மந்தையை மறித்துக்கொண்டு ஒரு மனிதர் காத்து நிற்பது கடைசியில் வருகிறவனுக்குத்தான்.