விரலால் படித்தவர்

டாக்டர் சிவகாமியிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்களே, நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். இதில் ஒரு பகுதி உங்களில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நான் பதினான்கு வயது, படிவம் இரண்டு மாணவி. ஜெலுத்தோங் அடுக்ககத்தில் அவர் எங்கள் மேல்வீட்டுக்காரர். ஒரு சனிக்கிழமை காலை, நூலகப் புத்தகங்களுடன் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது அவருடைய தங்கை செருப்பில்லாமல் படியிறங்கி வந்தார். "அக்கா எழுந்திரிக்கலம்மா" என்றார்.

பிள்ளைகள் எப்படிப் படிக்கக் கற்கிறார்கள் என்பதே டாக்டரின் வாழ்நாள் ஆராய்ச்சி. சென்ற ஆண்டு மூளையில் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. பிழைத்தார், பேசினார், எழுதினார். தாம் எழுதியதைப் படிக்க மட்டும் முடியவில்லை. "எழுத்தெல்லாம் தெரியுது, ஒண்ணும் பேச மாட்டேங்குதுலா. ஆராய்ச்சிக்கு ஆள் தேட வேணாம், நானே இருக்கேன்" என்று சிரித்தார்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். எழுத்தின்மேல் விரலை ஓட்டினால், கண்ணுக்குப் பிடிபடாதது கைக்குப் பிடிபட்டது. ஒரு நாள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு சாப்பிடப் போனோம். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்து அவர் காற்றில் விரலால் எழுத, பரிமாறுபவர் ஓடி வந்தார்.

"என்னக்கா வேணும்?"

"ஒண்ணுமில்ல தம்பி, படிக்கிறேன்."

மறுபடியும் விரல் எழுந்தது. மறுபடியும் அவர் வந்தார். "சரி, இவ்ளோ தூரம் வந்துட்டே, ஒரு தே தாரிக் போடு" என்று தேநீர் கேட்டார் டாக்டர்.

மாலைகளில் ஆரம்பப்பள்ளி முதலாம் ஆண்டுப் பாடநூலை வைத்துப் பழகுவார். நான் பக்கத்தில் இருப்பேன். அவர் திணறும்போது சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. "முந்திக்காதே. திணறும்போதுதான் நான் படிச்சுக்கிட்டு இருக்கேன்" என்பார்.

வரியில் விரல் வைத்துப் படிக்கும் பிள்ளையின் கையை எடுத்துவிடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். ஒரு மாலை பாடநூலை மூடிவிட்டுத் தம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை பிள்ளைங்க கைய எடுக்க வெச்சேனோ. டீச்சருங்க முன்னால நானே விரல வெச்சுப் படிச்சு, நான் சொல்லிக் குடுத்தது தப்புன்னு சொல்லணும்" என்றார். ஆசிரியர் கூட்டத்திற்காக ஒரு பக்கம் எழுதினார். கூட்டம் வருவதற்குள் போய்விட்டார்.

அந்தக் கூட்டமே அஞ்சலிக் கூட்டமாயிற்று. தங்கை அந்தத் தாளை மண்டபத்தில் வாசிக்கச் சொல்லி என்னிடம் தந்தார். டாக்டருடன் பயிற்சி நடத்திய மாணிக்கம் சார், "நோயில எழுதினதும்மா. நல்ல பேரோட போகட்டுமே" என்றார்.

"இதச் சொல்றதுக்குத்தான் சார் தினமும் பழகினாங்க" என்றேன்.

அவர் மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவிட்டார்.

விரல் வைத்து வாசித்தேன். தாம் எழுதியதைக் கண்ணால் படித்துச் சரிபார்க்க அவரால் முடியாததால், கடைசி வாக்கியம் முந்தின வரியின் மேலேயே ஏறியிருந்தது. நின்றுவிட்டேன். முன்வரிசையில் மாணிக்கம் சார் வாயைத் திறந்தார். என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு மூடிக்கொண்டார். மண்டபமே காத்திருந்தது. எழுத்தெழுத்தாக விரலை ஓட்டினேன்.

"அந்தக் கைகளை இனி எடுக்காதீர்கள்."

டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் காத்திருப்பை. நாற்காலிகளை அடுக்கும்போது மாணிக்கம் சார் ஓர் இளம் ஆசிரியையிடம், "உங்க வகுப்புல விரல் வெச்சுப் படிக்கிற பிள்ள இருந்தா, விட்டுடுங்க" என்றார். தாளை மடித்துப் பையில் வைத்தேன். மண்டபத்தின் விளக்குகளை அணைத்தார்கள்.