எடெல்கா அக்கா வைத்த சோதனை

எங்கள் பேச் நகரத்துக் கையுறைத் தொழிற்சாலையில் எடெல்கா அக்காவைப் போல ஒரு சந்தேகப் பிராணி கிடையாது. வெட்டிக் கொடுத்த தோலை மறுபடி அளப்பார். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். அவர் நம்பியது, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கிய எஸ்பெராந்தோ மொழியை மட்டும்தான். ‘நலம்’ என்ற சொல்லோடு ‘எதிர்’, ‘ஆள்’, ‘இடம்’ என்று ஒட்டிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரி வந்துவிடும்.

“இந்தப் பாஷையில ஒளிச்சு வைக்க எடமே இல்லடி,” என்பார்.

அந்த மொழியில் விதிக்குள் அடங்காமல் திரிவது செல்லப்பெயர்தான். பெண் பெயரை எங்கே வேண்டுமானாலும் வெட்டி ‘ன்யோ’ என்று வால் ஒட்டலாம். கிசெல்லா என்ற என்னைக் ‘கின்யோ’ ஆக்கியவர் அக்காதான். அவர் பெயரை வெட்ட எங்களில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் எங்கள் எஸ்பெராந்தோ சங்கத்தை மூடிவிட்டது. அதன்பிறகு அக்காவின் சமையலறையில் ஐந்து பேர் கூடினோம். மாட்டினால் அவருக்கு வேலையும் போகும், வீடும் போகும்.

அங்கேதான் ட்ராம் ஓட்டும் லோரின்ஸ் புதிதாக வந்தான். வந்த அன்றே தட்டை நீட்டி, “எடென்யோ, இன்னும் கொஞ்சம் சூப் கிடைக்குமா?” என்றான்.

அவன் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வந்து பத்து நிமிஷம் ஆகல, பேரை வெட்டுறான். போலீஸ் ஆளுடி இவன்.”

“வாய்த்துடுக்கு, வேற ஒண்ணுமில்ல அக்கா.”

“உனக்கு எல்லாரும் நல்லவங்க!”

ஞாயிறு பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் கூட்டம் என்று அவனிடம் மட்டும் பொய் சொல்லி வைத்தார். போலீஸ் வந்தால் அவன்தான் காட்டிக்கொடுப்பவன். நாங்கள் இருவரும் எதிர்ப் பூக்கடைக்குள் நின்றுகொண்டோம்.

லோரின்ஸ் மழையில் வந்து நின்றான். கோட்டில் எங்கள் சங்கத்து அடையாளமான பச்சை நட்சத்திரத்தை வேறு குத்தியிருந்தான், முட்டாள். அரைமணியில் இரண்டு பேர் வந்து அவனை வண்டியில் ஏற்றினார்கள்.

“பாத்தியா? கூட்டாளிங்க கூட்டிட்டுப் போறாங்க!”

அவன் இரண்டு வருஷம் சிறையில் இருந்தான். அதையும் நாடகம் என்றார்.

அப்போது என் தம்பி போலீஸ் பிடியில் இருந்தான். யாராவது ஒருவர் பெயர் வேண்டும் என்றார்கள். அக்கா பெயரைத் தர எனக்கு மனம் வரவில்லை. இன்றும் அந்தக் கல்லறைத் தோட்டத்து வாசல் பக்கம் போக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“அவனைத் தவிர யார்கிட்டயும் மூச்சு விடலையேடி,” என்று சாகும்வரை என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.