எல்லாம் தெரிந்த மாரிசாமி

மாரிசாமி, பாண்டிசெல்விக்கு நாலாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். பதினோரு வருடத்துக்கு முன்னால், ராஜபாளையத்தில் இவருடைய ஒற்றைத் தறியும் ஓடாமல் கிடந்த மாதத்தில், மனைவி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். ஆம்புலன்சுக்கும் மருந்துக்கும் காசு போட்டது பாண்டிசெல்விதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி இரவல் கொடுக்கிற தொண்டு நிறுவனம் அவளுடையது.

இன்று மாரிசாமிக்குப் பதினெட்டுத் தறி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், பேண்டேஜ் துணி ஓட்டியே மாடி வீடு கட்டினார். ஒரு மெக்கானிக்கை வாசல்படி மிதிக்க விட்டதில்லை. தறி நின்றால், சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரம் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுசன் பணத்தை நீட்டினால், அவள் கையை மூடிக்கொள்வாள்.

"காசு கெடக்கட்டும் அண்ணாச்சி. வாரம் ரெண்டு நாள் வந்து வேலை பாருங்க. மனசு நெறைஞ்ச பொறவு வாங்கிக்கிடுதேன்."

போனார். தொண்டு செய்ய வந்தவர்களை வேலைக்குப் பிரித்துவிடுகிற ஹஃபீஸா கேட்டாள்: "என்ன வேலை தெரியும் ஐயா?"

"எல்லாம் தெரியும்மா."

வெள்ளைச் சட்டையையும் தங்க வாட்ச்சையும் பார்த்துவிட்டு, பென்ஷன் மனு எழுதுகிற மேசையில் உட்கார வைத்தாள். தன் பெயரை எழுதி முடிப்பதற்குள் இவருக்குக் காப்பி ஆறிவிடும். கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லி மூன்று வாரம் ஓட்டினார். அப்புறம் வரவேற்பில் போட்டார்கள். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம். அப்புறம் விழா மேடை. பதினெட்டுத் தறிக்கு எண்ணெய் போட்ட கை, மாலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சும்மா கிடந்தது! அன்று பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே திரும்பினார். இன்னும் ஒரு நாள் போய்ப் பணத்தை மேசையில் வீசிவிட்டு வருவது என்று முடிவு.

அந்த நாளில்தான் மகாராஜபுரத்துக்காரர் ஒருவர் தாயாருக்கு நாற்காலி கேட்டு வந்தார். இல்லை என்று ஹஃபீஸா கைவிரித்தாள்.

"பின்னால பதினொண்ணு கெடக்கே?" என்றார் மாரிசாமி.

"எல்லாம் ரிப்பேர் ஐயா. ஆறு மாசமா மெக்கானிக்குக்கு அலையுறோம்."

மாரிசாமிக்குச் சுர்ரென்று ஏறியது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்தார். ஒன்றின் பேரிங்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினார். சாயங்காலம் மகாராஜபுரத்துக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஹஃபீஸாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "இதை மொதல்லயே சொல்லக் கூடாதா ஐயா? மூணு மாசம் வீணாப் போச்சே!"

"நீ சட்டையப் பாத்த. இந்தக் கையப் பாத்தியா?" என்று சீறினார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு எழுதப் படிக்க வராதும்மா."

பாண்டிசெல்வி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மிச்சத்துக்குப் பேரிங் வாங்க எம்புட்டு ஆகும் அண்ணாச்சி?"

"நாலாயிரத்துக்குள்ள முடிச்சிரலாம்."

"அப்ப குடுங்க," என்று உள்ளங்கையை விரித்தாள்.

மாரிசாமி கிரீஸ் கையை வேட்டியிலேயே துடைத்தார். ஐந்நூறு ஐந்நூறாக, சத்தமாக எண்ணி, எட்டு நோட்டையும் அந்தக் கையில் வைத்தார்.